கொலு வீட்டில் தங்கிய நீலச் சிறகு

ஓமானின் சோஹாரில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஜலஜா 'பறவை அக்கா'. வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால்கூடக் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். "அதை மாட்டிக்கிட்டா தக்காளி விலை குறையுமா?" என்பார் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்த கணவர் கல்யாணசுந்தரம். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2005இல் நவராத்திரி ரமலான் நோன்பு மாதத்தோடு சேர்ந்து வந்தது. ஒருநாள் மாலை, நெடுஞ்சாலையில் கார்க் கண்ணாடியில் மோதி விழுந்த பறவை ஒன்றைக் கல்யாணசுந்தரம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எலும்பு முறியவில்லை, மயக்கம்தான். நீலச் சிறகும் மங்கலான பழுப்பு மார்பும் கண்ணில் பட்டதுமே ஜலஜா, "நம்ம பனங்காடைதாங்க" என்றாள். திருச்சியில் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது, இங்கேயும் வருஷம் முழுக்க உட்கார்ந்திருப்பது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கொலுவுக்கு அடுத்த அறையில் வைத்தாள். மகள் சம்யுக்தா பூங்காவில் வெட்டுக்கிளி பிடித்து வந்தாள்.

சுண்டல் வாங்க வந்த கீழ்வீட்டு சந்தியா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் போபாலில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அக்கா, பனங்காடையை வடக்கே நீல்கண்ட்னு சொல்வாங்க. தசரா அன்னிக்கு இதைப் பார்த்தா வருஷம் பூரா நல்லதுன்னு எங்க ஊர்ல தேடி அலைவாங்க. விஜயதசமி வரைக்கும் வச்சிருங்க, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன். அவர் விசா இழுத்துக்கிட்டே கிடக்கு."

"உள்ளூர்ப் பறவைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று ஜலஜா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் வைக்கக் குனிந்தபோது பறவை படபடவென்று சிறகை விரித்தது. ஜலஜாவின் கை அப்படியே நின்றது. பனங்காடையின் சிறகோரத்தில் பட்டையாக மின்னும் வெளிர்நீலம் இதற்கு இல்லை. பறக்கும் இறகுகள் அத்தனையும் கறுப்பு. தொண்டையில் அந்தச் சிவப்புச் சாயல்கூட இல்லை. இளம் பறவை என்பதால் மார்பு மங்கியிருந்து அவளை ஏமாற்றிவிட்டது. இது காஸ்பியன் கடலுக்கு அப்பாலிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிற வேற்று இனம். நாலைந்து எலுமிச்சம்பழக் கனம்கூட இராது.

போன வாரம் ஊர்வெளிக் கம்பிகளில் இவை வரிசையாக இருந்தன. நேற்று நாலோ ஐந்தோ. கூட்டம் கடந்துவிட்டால் இது பின்தங்கிவிடும்.

வாக்கு நெஞ்சில் உறுத்த, கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"சந்தியா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது நீல்கண்ட் இல்ல. இன்னிக்கே விட்டாகணும்."

"பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு, அக்கா?"

"பார்க்க ஒண்ணுதான். இதுக்குப் பாதி வழி பாக்கி இருக்கு."

சந்தியா செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். பெட்டியை நான் மடியில வச்சுக்கறேன்."

ஊருக்கு வெளியே தீவனப்புல் வயலோரம் பெட்டியைத் திறந்தார்கள். பறவை வெளியே வரவே யோசித்தது. வந்ததும் ஒரே எழும்பலில் கம்பிக்குப் போயிற்று. அங்கே முன்பே உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பனங்காடைக்கு அது பிடிக்கவில்லை. கரகரவென்று கத்திக்கொண்டு துரத்தியது. வெயிலில் இரண்டும் அடுத்தடுத்துச் சிறகு விரித்தன. ஒன்றில் பளீரென்ற நீலப் பட்டை, மற்றதில் மையாய்க் கறுத்த ஓரம்.

"அட, வேறதான்" என்றாள் சந்தியா, மெதுவாக.

உள்ளூர்ப் பறவை தன் கம்பிக்குத் திரும்பிவிட்டது. மற்றது திரும்பவில்லை. மேலே, இன்னும் மேலே ஏறி மலைப்பக்கம் திரும்பியது. ஜலஜா பைனாகுலரில் அதைத் தொடர்ந்தாள். அதற்கும் மேலே, வெறுங்கண்ணுக்கு எட்டாத உயரத்தில், அதே மாதிரிக் கறுப்போரச் சிறகுகள் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். தாங்கள் மார்க்கெட்டுக்குப் போன நாளெல்லாம் தலைக்கு மேல் இது நடந்திருக்கிறது.

பைனாகுலரைக் கழற்றி சந்தியாவிடம் கொடுத்தாள். சந்தியா அதைக் கண்ணில் வைத்தபடி வெகுநேரம் இறக்கவேயில்லை.