பத்துப்பட்ட காக்கி

எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் துணி தேய்ப்புக்காரரின் வண்டியைக் கடக்கும்போதெல்லாம் அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கஞ்சி போட்ட துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி இறங்கும் வாசனை. வெந்த சோறும் மழையில் நனைந்த பருத்தியும் கலந்த மாதிரி. கால் நிற்கும், மனம் நிற்காது. நேரே போய் என் மகளின் காக்கிச் சட்டைக்குள் நுழைந்துகொள்ளும்.

கல்லூரியில் அவள் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தாள். சட்டை விறைப்பாக நிற்க, சோறு வடித்த கஞ்சியில் அதைத் தோய்த்து உலர்த்துவோம். எங்கள் வீட்டிலோ சோறும் கஞ்சியும் பட்டதெல்லாம் பத்து, ஒருவகைத் தீட்டு. தொட்டால் கை அலம்பாமல் தயிர்ப் பாத்திரத்தின் பக்கம் போக முடியாது. கடையில் கஞ்சிப்பொடி கிடைக்கும். யாருக்கும் அது தோன்றவேயில்லை. ஆகவே அணிவகுப்பு நாட்களில், வேற்று நாட்டுத் தூதர் போல, அவள் சமையலறை வாசலோடு நின்றுவிடுவாள். பூஜை முடித்த என் கணவர் இரண்டடி தள்ளி நின்று பேசுவார்.

ஒரு சாயங்காலம் தொலைக்காட்சியில் வாக்குவாதம்: இளைஞர் எல்லாருக்கும் ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா? கணவருக்குச் சந்தேகமே இல்லை.

"ரெண்டு வருஷம் எல்லாரும் போகட்டும். ஒரு ஒழுங்கு வரும்."

கட்டாயம் என்ற சொல்லே எனக்குத் தொண்டையில் இறங்காது. "பதினெட்டு வயசு வெறுதே கனவு காண்ற வயசு. அதை வரிசையில நிறுத்தணுமா?"

"நீ கண்ட கனவெல்லாம் கவிதையாப் போச்சு. போறும்."

மகள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வடக்க ஒரு மாச காம்ப்புக்கு என்னை எடுத்திருக்கா. அது கழிஞ்சு ஆபீசர் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் ரயில் ஏறுவேன், அப்பா."

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். வெளியே பெய்துகொண்டிருந்த மழை அப்போதுதான் காதில் விழுந்தது.

"எல்லாருக்கும்னு சொன்னேன். உனக்குன்னு சொல்லலையே."

"எல்லார்லயும் நான் இல்லையாக்கும்?"

அவர் சரியென்று சொல்லவில்லை, அன்றும் இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. கட்டாயத்தை எதிர்த்த நான்தான் பயணச் சட்டைக்குக் கஞ்சி வைத்தேன். யாரும் அவளைத் தள்ளவில்லை, அவளாகக் கேட்கிறாள், அது எனக்குப் போதுமாயிருந்தது. ஆனால் அவள் கேட்டது என்னையல்லவே.

தம்பானூர் ரயில் நிலையம் அந்தக் காலையில் பாதி மேகமாக இருந்தது. பெட்டிகள் ஈரத்தில் மிதந்துகொண்டு நிற்பதாகத் தோன்றியது. அவரும் வந்திருந்தார், விபூதியோடு, வழக்கம்போல இரண்டடி தள்ளி. மகள் படியருகே நின்றாள், ஏறவில்லை. ரயில் ஊதியது. அவளுடைய காலரின் ஒரு முனை உள்ளே மடங்கியிருந்தது.

அவர் கிட்டே வந்தார். விரலால் அதை எடுத்து நீவினார். பிறகு உள்ளங்கையை அவள் தோளில், விறைத்த அந்தக் காக்கியின் மேல், அப்படியே வைத்துக்கொண்டார்.

"அப்பா, பத்து."

"நம்மாத்துக்குப் போய் அலம்பிக்கறேன். நீ ஏறு."