நட்சத்திரத்தில் வெட்டிய பென்சீன்

பட்டணத்தில் ஜப்பான் குண்டு விழும் என்று பாதி ஜனம் காலி செய்துகொண்டு ஓடிய வருஷம். திருத்தணியில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மறுபடி கல்யாணப் பத்திரிகை. கண்ணும் முதுகும் அப்போதே போய்விட்டன.

அரக்கோணத்திலிருந்து ஒரு ரசாயன வாத்தியார் வந்தார். ஏழு வருஷமாகத் தமிழில் பாடப்புத்தகம் எழுதியிருந்தார். மாதிரிக்குப் பதினாறு பக்கம் அடித்துப் பட்டணத்துக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் புத்தகம். எழுத்தெல்லாம் கோத்துவிட்டேன். பென்சீன் படம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஆறு மூலைக் கட்டம், மூலைக்கு ஒரு கரி அணு, ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைக் கோடு. படத்துக்கு பிளாக் செய்கிறவனும் பட்டணத்தை விட்டு ஓடிப்போயிருந்தான். கோடு போடும் பித்தளைத் துண்டுகளைச் சாய்த்து வைத்து மூன்று நாள் மாரடித்தேன். இறுக்கினால் நழுவும், தூக்கினால் கொட்டும். அது நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா என்று எரிச்சலில் வாத்தியாரையே கேட்டுவிட்டேன்.

"யாரு கண்டாங்க? ரெட்டைக் கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே இன்னும் தீரல. எதையாவது ஒண்ணு போட்டுத்தான ஆவணும்பா," என்றார். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

மறுநாள் ரயிலில் அனுப்பியே ஆக வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. ஆடிக் கிருத்திகை நோட்டீஸின் உச்சியில் வருஷா வருஷம் போடும் முருகனுடைய அறுகோண நட்சத்திரம், மரக்கட்டையில் செதுக்கியது, கைக்கெதிரே கிடந்தது. அதன் நடுவில் இருப்பது ஆறு மூலைக் கட்டம்தானே. ஆறு முனையையும் உளியால் சீவினேன். கோடுகள் நல்ல தடிமன். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை மட்டும் நடுவில் கீறி இரண்டாக்கினேன். பாவம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

திரும்பி வந்த முதலாளி கட்டையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்தார். இரண்டு மாதம் கழித்துக் கமிட்டி பக்கங்களைத் திருப்பி அனுப்பியது. ரசாயனத்துக்குத் தமிழ் தேவையில்லையாம். பாவிகள்! ஏழு வருஷ எழுத்து பெட்டிக்குள் போனது.

ஆடி வந்தது. வேறு கட்டை கிடைக்கவில்லை. "இருக்கறதப் போட்டு அடி," என்றார் முதலாளி. அடித்தேன். காவடி எடுத்து வந்தவர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நட்சத்திரத்தின் முனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மலைப்படியின் அடியில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் வாத்தியாரும் வந்தார். ஒன்றை வாங்கினார். உச்சியில் தன் பென்சீனைப் பார்த்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"இதாவது அச்சுல வந்துச்சேபா," என்றார்.

பிறகு இன்னொன்று கேட்டார். கொடுத்தேன்.