எட்டு இதழும் இரண்டு கைகளும்

மீன் வாங்கிக்கொண்டு வரும்போது எங்கள் தெரு முனையில் ஸ்கூட்டரோடு சாய்ந்தேன். வஞ்சிரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு. குடிகாட்டுத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் பைப் பொருத்தி ஓடியாடிய ஆளை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் மனைவிக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் ஒரு கட்டைப்பையை என் மடியில் கவிழ்த்தாள். அவளுடைய தம்பி, சிதம்பரத்தில் மேலவீதியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறான். அங்கே மிஞ்சும் வெட்டுத்துணியெல்லாம் தரை துடைக்க எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

"வாய்க்கு வேலை குடுத்தது போதும். ஒரு கால்மிதி தெச்சிக் குடுங்க, பாப்போம்" என்றாள்.

கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே தைத்துவிட்டேன். அளவெடுப்பதும் பொருத்துவதும் எனக்குப் பழகியதுதானே. இரண்டு முக்கோணத் துண்டுகள் சேர்ந்து சதுரமாகும்போது யாருக்காவது காட்ட வேண்டும்போல் இருக்கும். வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்; அவளும் அடுப்படியை விட்டு வரமாட்டாள். கால்மிதிக்குப் பிறகு மிக்ஸிக்கு ஒரு கவுன், சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போக முடியாத எனக்கு நற்கருணை கொடுக்க வந்த சாமியார், ஜெபம் முடிந்த பிறகும் அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த வூட்ல துணி இல்லாம நிக்கிறது ஃபிரிட்ஜ் மட்டுந்தான்" என்றாள் மனைவி.

அடுத்தது கட்டில் அகலத்துக்கு ஒரு போர்வை. கட்டுப் பிரிக்கும் வாரத்தில் ஓரமெல்லாம் முடிந்து நடு மட்டும் பாக்கி. அந்த வாரம் சிதம்பரத்திலிருந்து வந்த பையில், பேப்பரில் சுற்றி இரண்டு பட்டுத் துண்டுகள் இருந்தன. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. இவ்வளவு பெரிய துண்டை யார் வேண்டாமென்று போடுவார்கள் என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆசை விடவில்லை. எட்டு இதழாக வெட்டி, நட்சத்திரமாக நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாள் மச்சானிடமிருந்து போன். எடுத்ததும் அலறினான்.

"மாமா, ரெண்டு கையும் காணோம் மாமா!"

"ஐயோ! எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல மாமா. டீச்சரம்மா பிளவுஸோட கை. கத்தரிப்பூ பட்டு. வெட்டி பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேன். அக்காகிட்ட குடுத்த பையில வந்துடுச்சா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். நட்சத்திரம் ஜோராக இருந்தது.

போர்வையை மடித்துக்கொண்டு மச்சான் கடைக்குப் பஸ் ஏறினேன். அந்த டீச்சர் பணி ஓய்வு பெற்றவர். கோயிலைச் சுற்றிய வீதிகளில் பாதிப்பேருக்குப் பாடம் எடுத்தவர். நான்கு நாளில் அவர் மகளுக்குக் கல்யாணம். மச்சானும் அவரிடம் படித்தவன்தான். இன்னும் பயம் போகவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க மாமா. கால்ல கட்டு இருந்தா திட்ட மாட்டாங்க."

"கட்டு பிரிச்சாச்சே மச்சான்."

"அப்ப குச்சியையாவது நல்லா ஊனிக்குங்க."

டீச்சர் வந்தார். போர்வையை விரித்து நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ரெண்டு மாசம் அலைஞ்சு எடுத்த புடவை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். மச்சான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, விழாத ஊசியைத் தேடிக்கொண்டிருந்தான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நட்சத்திரத்தை விரலால் தடவினார்.

"இது யாரு தெச்சது?"

"நான்தாங்க."

"இந்த ஒரு இதழ் மட்டும் கோணலா இருக்கு பாருங்க."

பார்த்தேன். கோணல்தான்.

"பிரிங்க. கைக்கு நாலு நாலா வெச்சுத் தெய்ங்க. அடியில மஞ்சப் பட்டு குடுங்க. இப்பவே. நான் இங்கதான் இருப்பேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொரு இதழாகப் பிரித்தேன், மச்சான் மஞ்சள் பட்டில் கையை வெட்டிக் கொடுத்தான், நான் அதன்மேல் இதழ்களை வைத்துத் தைத்தேன். "அவசரப்படாதீங்க", "நூல இழுக்காதீங்க" என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கையை பிளவுஸில் பொருத்தியதும் உள்ளே போய்ப் போட்டுவந்து, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். போகும்போது கல்யாணப் பத்திரிகை ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

போர்வையோ நடுவில் பெரிய ஓட்டையோடு வீடு வந்தது. மனைவி அதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, "மழைக்குப் போட்டுக்கலாம், தனியா கோட்டு வாங்க வேணாம்" என்று வீடு முழுக்க நடந்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு, என் பழைய காக்கி பேண்டை வெட்டி அதை அடைத்தேன்.

கல்யாணத்தில் டீச்சர் அட்சதைத் தட்டோடு வளையவந்தார். அவர் கையைப் பிடித்து மூன்று பெண்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எந்தக் கடை, என்ன டிசைன் என்று ஒரே கேள்வி. நான் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வூட்டுக்காரருதாங்க தெச்சாரு, எல்லாமே கைத்தையல்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் எந்த வேலையைப் பற்றியும் அவள் அப்படி உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. பந்தியில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.