கண்ணாடி அறைக்குள் புகை

யப்பானிய மொழி ஏன் படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சம்பளத்தைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் ஒரு படம். எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் யப்பானில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய போனில் அந்த நாட்டு ரயில் நிலையம் ஒன்றின் படம் இருந்தது. நடுவே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஆண்கள் நெருக்கியடித்து நின்று சிகரட் பிடிக்கிறார்கள். வெளியே ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக நடந்து போகிறாள். புகையைக் கூண்டில் அடைத்து வைத்த நாடு! எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். பக்கத்தில் யாராவது சிகரட் பற்றவைத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், மூச்சு விசிலடிக்கும். மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப் இல்லாமல் வாசல் தாண்டமாட்டேன். திருகோணமலை பஸ் நிலையத்தில் காத்து நிற்பது எனக்குத் தினசரித் தண்டனை. புகைத்தல் தடை என்று எழுதிய பலகைக்குக் கீழேயே சாய்ந்து நின்று ஊதுவார்கள். ஒருதடவை கெஞ்சிக் கேட்டுப் பார்த்தேன்.

"காத்து அங்காலதானே அடிக்குது, தங்கச்சி. ஏலாதெண்டால் நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோவன்" என்றார் ஒருவர்.

மரியாதையாகத்தான் சொன்னார். தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில், எங்கள் நகருக்குள் மாடுகள்போலத் திரிந்து குப்பை கிளறும் மான்களோடு நின்றேன். அவையும் என்னைக் கணக்கெடுக்கவில்லை.

வகுப்பாவது புகையில்லாத இடத்தில் அமைந்ததா? அதுவும் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில். வேலை முடிந்து வருபவர்கள் கீழே பற்றவைப்பதெல்லாம் படிக்கட்டு வழியாக நேரே எங்களிடம் வரும். மூச்சை அடக்கி அடக்கித்தான் அந்த எழுத்துகளைப் படித்தேன். ஆனாலும் வகுப்பில் நான்தான் முதல். அவ்வளவு வெறி.

நேர்முகத்துக்கு முன் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவை என்ன கேட்டாலும் 'ஹாய்' எண்டு சொல்லிக் குனியுங்கோ. விளங்கினாலும் சரி, விளங்காட்டாலும் சரி." ஹாய் என்றால் ஓம், சரி என்று அர்த்தம்.

ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை. திரையில் தோன்றிய யப்பானியர் அமைதியானவர். ஊரையும் குடும்பத்தையும் பற்றிக் கேட்டார். நான் தடங்கலில்லாமல் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. கடைசியாக, புதிதாக வருபவர்களைப் புகைப்பவர்கள் தங்கும் மாடியில்தான் வேலைக்கு விடுவோம், பரவாயில்லையா என்று கேட்டார்.

அந்த அறைகளையும் யாரோ துப்புரவு செய்யத்தானே வேண்டும். எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. படத்தில் வெளியே நடந்து போன பெண்ணை மட்டுமே இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஹாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே போய் மூச்சடைத்து விழுவேன். எனக்குச் சுவாசக் கஷ்டம் இருக்கிறது, வேறு மாடி தர முடியுமா என்று, படித்த மரியாதைச் சொற்களையெல்லாம் சேர்த்துக் கேட்டேன். உங்கள் யப்பானிய மொழி மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

என்னைத் தவிர எல்லோரும் தெரிவானார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வந்து என்னிடமே பாடம் கேட்டுப் படித்த பிள்ளை படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கடைசியா என்னவோ கேட்டவர். நான் ஹாய் எண்டு சொன்னனான். என்ன கேட்டவர்?"

சொன்னேன்.

"அவ்வளவுதானே! எங்கட அப்பா நாள் முழுக்கச் சுருட்டுத்தான். எனக்குப் புகை ஒண்டும் செய்யாது" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த நெஞ்சின் மேல்தான் ஆத்திரம் வந்தது. இனி நான் போகக்கூடிய நாடு எதுவும் இல்லை என்று தோன்றியது.

நிலாவெளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் ஒரு சிகரட்டைப் பற்றவைத்தார். தயவுசெய்து இங்கே புகைக்க வேண்டாம் என்று எனக்குத் தமிழில் சொல்லத் தெரியும், சிங்களத்தில் சொல்லத் தெரியும், யப்பானிய மொழியில் மிக அழகாகச் சொல்லத் தெரியும். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் தள்ளினேன். அது திறக்கவில்லை.