ஊசிமுனை அளவு காயம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்புக் கால்கள் வரும். நிலத்துக்கடியில் கூரை இடிந்து ஆட்கள் மேல் விழாமல் முட்டுக்கொடுப்பவை. பழுதானதைச் சரிசெய்து, உள்ளே எண்ணெயை அழுத்தத்தோடு ஏற்றிச் சோதித்துத் திருப்பி அனுப்புவோம். பம்ப்பைப் போடுவது என் வேலை. இரும்புக் காலைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும்.

அன்று மத்தியானம், கால்களை ஏற்றிப்போக லாரி வாசலில் நின்றது. "ஒவ்வொரு வாட்டியும் கதவ மூடித் தொறந்தா எப்ப ஏத்தி முடிக்கிறது? அப்படியே போடும்மா" என்றார் சூப்பர்வைசர்.

தப்பென்று தெரியும். போட்டேன்.

அழுத்தம் காட்டும் முள் ஏறியது. எண்ணெய் போகும் ஓஸ் குழாய்ப் பக்கம் மெல்லிய சீறல். பூந்தமல்லியிலிருந்து வரும் ஃபிட்டர் பாய், கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்த்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நான் பம்ப்பை நிறுத்துவதற்குள் ஓஸ் பிய்த்துக்கொண்டு துள்ளியது. அதன் இரும்பு நுனி சுவரில் அறைந்து சிமெண்டைப் பெயர்த்தது. திரும்பி என் காதை உரசிப் போய் ட்யூப்லைட்டை நொறுக்கியது. எண்ணெயும் கண்ணாடியும் எங்கள் மேல் கொட்டின.

பாயின் ஆள்காட்டி விரலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"இன்னாமா பயந்துட்ட? எறும்பு கட்ச்ச மாதிரிதான் கீது."

அப்படிப் பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் போனால் சதை உள்ளேயே செத்துப்போகும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். "உடனே ஆஸ்பத்திரி போகணும் பாய்" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். சூப்பர்வைசர் வழிமறித்து நின்றார்.

"பிளாஸ்திரி போட்டுக்கிட்டு வேலையப் பாருங்க. லாரி போகட்டும்."

அவரைப் பிடித்துத் தள்ளினேன். கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அடுத்த நொடி பாய் இன்னொரு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, இரும்பு மேசை விளிம்பில் முகத்தை மோதினார். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. மறுபடி மோதினார்.

"விடுங்க பாய்! உங்க கையப் பாருங்க!"

விரல் வீங்கி வெளுத்திருந்தது.

ஆட்டோவிலேயே வலி ஆரம்பித்துவிட்டது. மண்ணூர்பேட்டை சிக்னலில் நின்றபோது, தாங்க முடியாமல் தலையைக் கம்பியில் முட்டிக்கொண்டு அலறினார். ஆஸ்பத்திரியில் உள்ளங்கை வரை கிழித்துக் கழுவினார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் வார்டில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "பம்ப் போட்டது யாரு?"

"நான்தான்."

என் முகத்திலும் மார்பிலும் மாறிமாறி அடித்தார். தடுக்காமல் நின்றேன். அடித்து ஓய்ந்தவர் மூச்சிரைக்க, "கைய ஒசத்திப் புடிச்சிக்க சொன்னாங்க. கொஞ்சம் புடி, பெட்ஷீட்ட மாத்தணும்" என்றார். கட்டுப்போட்ட அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது.

விசாரணையில், கூண்டு திறந்திருக்கும்போதே நான் பொத்தானைத் தொட்டதிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசருக்கும் எனக்கும் வேலை போனது. நேரமில்லையென்று சோதிக்காமலே ஏற்றியிருந்த கால்களை லாரியிலிருந்து இறக்கிக் கூண்டில் வைத்துப் பார்த்தார்களாம். அதில் ஒன்று பாதி அழுத்தத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டதாம்.