லூலூவுக்கு ஒரு டின் உமிச்சாம்பல்

பாய்லர் வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் வெடித்த கதையைத்தான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் பாகூர் ரைஸ் மில்லில் நான் பாய்லர் அட்டெண்டராக இருந்தவரைக்கும் எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்க விடுவேனா? ஆனால் நான் பதறி ஓடிய நாள் ஒன்று உண்டு. அது ஒரு பல்லியால் வந்தது.

1. முதலாளியம்மா பாய்லர் ரூமுக்கு வந்தார்

எண்பதுகளின் தொடக்கம், மார்கழி மாதம். புடவையில் உமித்தூசி படியும் என்று பாய்லர் ரூம் பக்கமே வராத முதலாளியம்மா, அன்று காலையில் நேராக என்னிடம் வந்து நின்றார்.

அவருடைய தம்பி தேவராசு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இனிமேல் அக்கா வீட்டோடுதான் என்று அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். கூடவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் லூலூ என்று ஒரு பல்லி.

நம் வீட்டுப் பல்லி மாதிரி இல்லை. மஞ்சள் உடம்பில் சிறுத்தைக்கு இருப்பது போலக் கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால். சுவர் ஏறத் தெரியாது, ஆனால் நம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். அதற்கு வயிற்றில் சூடு பட்டால்தான் தின்றது செரிக்குமாம். அதற்காகப் பெட்டிக்கு அடியில் போடக் கரண்டில் சூடாகும் தகடு ஒன்றும் பிரான்சிலிருந்து வந்திருந்தது. எங்கள் ஊர் வோல்டேஜ் அதை விட்டுவைக்குமா? பம்ப்செட் எல்லாம் ஓடும்போது பல்பு தூங்கி வழியும், மோட்டார்கள் நின்றதும் எகிறும். அப்படி ஒரு தடவை எகிறியதில் தகடு புகைந்து போனது. பல்பு வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் பிடிக்காமல் லூலூ மூலைக்குள் பதுங்கியது. தீனியை நிறுத்திவிட்டது. வால் இளைத்துக்கொண்டே வந்தது.

“நடேசா, அத்தக் கண்டாலே எனக்கு ஒடம்பு கூசுது. ஆனா அது துன்னலன்னா இவன் பிரான்சுக்கே திரும்பிப் போறேன்றான். டிக்கெட்டு விசாரிக்கக்கூட ஆள் அனுப்பிட்டான். எப்டியாவது அதுக்கு சூடு குடுடா.”

தாய் போனபின் அவரே தூக்கி வளர்த்த தம்பி. எத்தனையோ வருஷம் கழித்து வந்தவர் மறுபடி போய்விடுவாரோ என்று அந்தம்மாவுக்குப் பயம். எனக்கோ தலைக்கனம். வண்டி வண்டியாக நெல் அவிக்கிறவனுக்கு ஒரு பல்லி எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

2. வாயைப் பிளந்தது

பாய்லர் பக்கத்திலேயே வைத்துவிடு, கதை முடிந்தது என்றார் முதலாளி. நானும் தலையாட்டிக்கொண்டு பெட்டியைச் சுவரோரப் பலகையில் வைத்தேன். கதை நிஜமாகவே முடியப் பார்த்தது. பிரஷர் கேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், லூலூ வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக் கிடந்தது. அடித்துப் பிடித்துப் பெட்டியோடு வெளியே நெல் காயும் களத்துக்கு ஓடினேன்.

நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். இது தலையில் விழுந்தால் என்ன பலன் என்று ஒருத்தி கேட்டாள். பிரான்சுக்கு விசா கிடைக்கும் என்றாள் இன்னொருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்களை அந்த இடத்திலேயே அவித்திருப்பேன்.

சொல்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். முதலாளியம்மாவும் பின்னாலேயே வந்தார். சொல்தா என்னைத் திட்டவில்லை. லூலூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து அது வாயை மூடியது, கண்ணைச் சிமிட்டியது. எனக்கு உயிர் வந்தது.

“சூடு மட்டும் குடுத்தா பத்தாது நடேசு. பொட்டில ஒரு பக்கம் சூடு இருக்கணும், ஒரு பக்கம் குளுமை இருக்கணும். எங்க படுக்கறதுன்னு அது முடிவு பண்ணிக்கும். நாம பண்ணக்கூடாது” என்றார் அவர்.

3. டின் வேலை

அடுப்பிலிருந்து இழுத்துக் கொட்டும் உமிச்சாம்பலை லேசாக நினைக்காதீர்கள். மேலே ஆறிப்போன மாதிரி இருக்கும், காலை வைத்தால் தெரியும் சேதி. சொல்தாவின் காலி பிஸ்கட் டின் ஒன்றை வாங்கி, அதில் சூட்டுச் சாம்பலை அமுக்கி, மூடியை இறுக்கிக் கம்பி கட்டினேன். மில் ஆபீஸ் அறையில் அந்த டின்னைக் கோணியில் சுற்றி, மேலே ஓடு ஒன்றை வைத்து, பெட்டியின் ஒரு கோடியை மட்டும் அதன்மேல் தூக்கி வைத்தேன். மறுகோடிக்குச் சுடாத பச்சைச் செங்கல், அதன் பக்கத்தில் ஒரு மூடித் தண்ணீர். சொல்தா தெர்மாமீட்டரை இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் வைத்து வைத்துப் பார்த்து, கோணியை இன்னொரு சுற்று சுற்றச் சொன்னார். காலையில் ஒரு டின், சாயங்காலம் ஒரு டின். கரண்டு போனால் போகட்டும்.

கேலி பண்ணின அதே பெண்கள்தான் உமிக் குவியலைக் கிளறிச் சுவர்க்கோழி பிடித்துத் தந்தார்கள். மறுநாள் பொழுது சாயும் நேரம். லூலூ சூட்டுப் பக்கம் வயிறு பதியப் படுத்திருந்தது. திடீரென்று எழுந்து, வால் நுனியை ஆட்டி ஆட்டிப் பதுங்கி வந்து, ஒரே கவ்வு. வாசல்படி தாண்டாமல் நின்றிருந்த முதலாளியம்மா, “துன்னுடுச்சு தம்பி, துன்னுடுச்சு!” என்று கத்தினார். மில்லே சிரித்தது. எனக்கு அன்று சட்டைப்பையில் மெடல் குத்தின மாதிரி இருந்தது.

4. யாருக்குச் சூடு அதிகம்

இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய பாடம் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். எவ்வளவு சூடு என்று மட்டும் பார்க்காதீர்கள், சூடு பட்டவன் எங்கே போய் ஆறுவான் என்றும் பாருங்கள். அந்த மாதமே உமி தள்ளுகிற ஆட்களுக்காகப் பாய்லர் ரூமில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

முதலாளியம்மாவுக்கு அதே பாடம் வேறு விதமாக வந்தது. லூலூ தின்று வாலும் தேறியது. ஆனால் சொல்தா டிக்கெட் விசாரிப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் நான் டின் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்து புலம்பினார். வேளைக்கு வேளை தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் பரிமாறுகிறாராம். பனி படும் என்று அவனுடைய அறை ஜன்னலைத் தானே சாத்துகிறாராம். துணைக்கு ஆள் படுக்க வைத்திருக்கிறாராம். இரண்டு பெண்களின் ஜாதகம்கூட வந்திருக்கிறதாம். இன்னும் என்ன குறை வைத்தேன் என்று கேட்டவர் பாதியில் நிறுத்திவிட்டார். லூலூ அப்போது சூட்டை விட்டு எழுந்து, ஆடி அசைந்து குளுமைப் பக்கம் போய்ப் படுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் அவன பாய்லர் பக்கத்துலயே வெச்சிட்டேன் போலருக்கு, நடேசா.”

அன்று மாலையே மில்லை ஒட்டிய தனி அறையைக் கழுவிவிட்டு, சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். ஜாதகம் திரும்பிப் போனது. மறுநாள் மத்தியானம் சொல்தா சாப்பிட வரவில்லை. அந்தம்மா ஆள் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சொல்தா தானாகக் களத்தைத் தாண்டி வந்து, சமையலறை வாசலில் நின்றார்.

“அக்கா, இன்னா கொழம்பு?”

முதலாளியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கருவாட்டுக் கொழம்பு. வேணும்னா போட்டுத் துன்னு.”

சொல்தா தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தின்றார்.