விளைமீன் தலையும் ஜனாதிபதித் தேர்தலும்

மீன் வெட்டுகிறவனிடம் எல்லோரும் மனம் திறந்து கதைப்பார்கள். கவனம் சிதறினால் அவன் விரல் போய்விடும், ஆகவே குறுக்கே பேசமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நோர்வேயில், குறொன்லாண்டில் ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கத்தில், மீன் மேசைக்கு முன்னால் நான் நிற்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடமும் நாலு மாதமும் ஆகின்றன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கூட்டத்தில் கதைக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஊரில், அதாவது நாங்கள் விட்டு வந்த நாட்டில், ஜனாதிபதித் தேர்தல் என்று செய்தி வந்த நாளிலிருந்து வாக்களிப்பு நாள்வரை, "நீர் ஆரின்ரை பக்கம்?" என்று என்னை நாற்பத்தேழு பேர் கேட்டார்கள். நீங்களும் கடையிலோ பேருந்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்பவராக இருந்தால் உங்களையும் கேட்டிருப்பார்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பாதி மீன்

எங்கள் கடையில் பெரிய விளைமீனைப் பாதியாக விற்பதில்லை. தலைப்பக்கம் தேங்காய்ப்பால் சொதிக்கு என்று உடனே போய்விடும்; வால்பக்கம் ஐஸில் கிடந்து என்னைப் பார்க்கும். இந்த விதிக்கு விலக்காக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நடராசா அண்ணை, தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ரொம்சோஸில் இருக்கிறார். மற்றவர் தர்மலிங்கம் அண்ணை, பேருந்து ஓட்டியவர், குரோருட்டில் இருக்கிறார். இரண்டும் அடுத்தடுத்த ரயில் நிலையங்கள். சனிக்கிழமை காலையில் நடராசா அண்ணை ஏறி, இரண்டாவது பெட்டியில் தன் பையைப் பக்கத்து இருக்கையில் வைப்பார். அடுத்த நிலையத்தில் தர்மலிங்கம் அண்ணை ஏறி, பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு இருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு மீன் வாங்குவார்கள். ஒரு கிழமை ஒருவருக்குத் தலை, மறு கிழமை மற்றவருக்கு. ஒருமுறை யாருடைய முறை என்று இழுபறி வந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்து எழுதி வருகிறேன். பதினொரு வருடமாக ஒரு கிழமையும் பிசகியதில்லை.

தேர்தல் வந்தது. தமிழருக்கென்று நிற்பவருக்கே போடவேண்டும் என்றார் நடராசா அண்ணை. பழைய ஆட்களை எல்லாம் துடைத்தெறிவேன் என்று சொல்லும் புதியவருக்குப் போடவேண்டும் என்றார் தர்மலிங்கம் அண்ணை. நான் செதில் தட்டத் தொடங்கியபோது பகிடியாக இருந்தது, துண்டு போட்டு முடித்தபோது பகிடியாக இல்லை. "உன்னை மாதிரி ஆக்களாலைதான் நாங்கள் இண்டைக்கு இஞ்சை நிக்கிறம்" என்று ஒருவர் சொல்ல, அதையே மற்றவரும் திருப்பிச் சொன்னார். அவரவர் பையைத் தூக்கினார்கள். ஒருவர் முன்னால் போக, மற்றவர் ஐந்து நிமிடம் பருப்பு வகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நடராசா அண்ணை தனியாக வந்தார். "பாதி தாரும், தம்பி. மற்றப் பாதியை ஆருக்கெண்டாலும் குடும்" என்றார். கொப்பியைப் பார்த்தேன். தலை அவருடைய முறை. கொடுத்தேன். மூன்று நிமிடம் கழித்துத் தர்மலிங்கம் அண்ணை வந்தார். ஒரே ரயில்தான், ஒருவர் முதல் பெட்டி, மற்றவர் கடைசிப் பெட்டி என்று பிறகு அறிந்தேன். அவரும் பாதிதான் கேட்டார். அதே மீனின் வால்பாதியை எடுத்து நிறுக்கப் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மற்றப் பாதி எங்கை போகுதெண்டு எனக்குத் தேவையில்லை. நிம்மதியாய் ஒரு மீன் தின்னவேணும், அவ்வளவுதான்."

அறிவித்தல்

சண்டைகள் கூடியதால் எங்கள் முதலாளி தராசுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார்: "இங்கே அரசியல் கதைக்கவேண்டாம்." மூன்று சொல்லும் நல்ல பெரிய எழுத்து. அன்று முதல் வருகிறவர்கள் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று, இது ஏன் ஒட்டப்பட்டது, யார் காரணம், அவர் எந்தக் கட்சி என்று கதைக்கத் தொடங்கினார்கள். முன்பு ஒருவர் மீன் வாங்க எனக்கு ஆறு நிமிடம் போதும். இப்போது ஒன்பது.

மறு சனிக்கிழமை நடராசா அண்ணை வந்து வாசித்து, தலையாட்டினார். "நல்ல வேலை. தர்மலிங்கம் வாசிக்கவேணும்" என்றார். மூன்று நிமிடத்தில் தர்மலிங்கம் அண்ணை வந்தார். கண்ணைச் சுருக்கி, தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று வாசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நடராசாவுக்குத்தானே எழுதினது? அப்ப ஏன் பேரைப் போடேல்லை?" என்றார். தலை அன்று அவருடைய முறை. நல்ல தலையாகத்தான் கொடுத்தேன்.

முதலாளி அன்று மாலையே தாளைக் கிழித்தெடுத்தார். "இதாலைதான் அரசியல் கூடிப்போச்சு" என்றார்.

யாருக்கு ஓட்டு?

சென்னைப் பக்கத்தில் இருந்து வந்து இங்கே கணினி வேலை செய்யும் ஓர் இளைஞர் பதினைந்து நாளுக்கொருமுறை நெத்திலி வாங்க வருவார். மரியாதையான பிள்ளை. வாக்களிப்புக்கு முந்திய சனிக்கிழமை, நடராசா அண்ணை பேசி முடிக்கும்வரை பையோடு காத்து நின்றார். ஊர்த் தேர்தலில் ஒரே சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று இலக்கம் போடலாம். இரண்டாவதை யாருக்கும் போடக்கூடாது என்று நடராசா அண்ணை யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார்.

தொலைபேசி ஓய்ந்ததும் இளைஞர் அவரிடம் கேட்டார்: "சார், உங்களுக்கு அங்க ஓட்டு இருக்கா?"

"இல்லை. என்ரை பாஸ்போட் நோர்வே."

"அப்ப இங்க இருக்குமே?"

"ஓம், இஞ்சை இருக்கு. முப்பது வருசமாய் இருக்கு."

"போன எலெக்‌ஷன்ல யாருக்குப் போட்டீங்க?"

நடராசா அண்ணை தன் பையை எடுத்தார். உள்ளே தலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "அண்டைக்கு நல்ல மழை, தம்பி" என்றார்.

நோர்வே அம்மாவின் விளக்கம்

கொத்தமல்லி இலையும் இறாலும் வாங்க ஒரு நோர்வே அம்மா வருவார். எழுபது வயதிருக்கும். ஒருநாள் அரிசி மூட்டைகளுக்கு அருகில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்த, ஏதும் ஆபத்தா என்று என்னிடம் கேட்டார். என்னுடைய நோர்வேஜியப் பாஷை மீன் பெயர்களில் நல்லது, மற்றதில் சுமார். "ஜனாதிபதி" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது. ஊர்த் தேர்தலா, அமெரிக்கத் தேர்தலா என்று கேட்டார். அமெரிக்கத் தேர்தலால் தன் அக்காளும் தானும் மூன்று மாதமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றார். அவருக்கும் அங்கே வாக்கில்லை. உங்களுக்குள்ளே சண்டை பிடிக்க இங்கே ஒன்றும் இல்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். இறாலை வாங்கிக்கொண்டு அவராகவே சொன்னார்: "எங்களுக்கு அரசர் இருக்கிறார். அதனால் மாடிவீட்டுப் பொதுச் சலவை அறையில் யாருடைய முறை என்றுதான் நாங்கள் சண்டை பிடிப்போம்."

செவ்வாய்க்கிழமை

வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, நடராசா அண்ணையின் மனைவி கமலாக்கா வந்தார். அவர் கிழமைநாளில் வருவதே இல்லை. கீரையைப் புரட்டினார், வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

தர்மலிங்கம் அண்ணைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கண்ணில் படலம் எடுக்கப்போகிறார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு கண்ணைக் கட்டிவிடுவார்கள், தனியே திரும்பிப் போகக்கூடாது, யாராவது கூட வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மனைவி தவறிவிட்டார். மகள் தொலைவில் பேர்கனில், கைக்குழந்தையோடு. கூடப் போவது நடராசா அண்ணை என்று சித்திரை மாதமே பேசி வைத்தது. இப்போது நடராசா அண்ணை கேட்கமாட்டார், மற்றவர் சொல்லமாட்டார். ஒருவரும் வராவிட்டால் திகதியை மாற்றிவிடுவார்கள். பிறகு எத்தனை மாதமோ. அவர் அறிவித்தலை ஒரு சாண் தூரத்தில் நின்று வாசித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ தம்பி" என்றார். நான் யாருக்கும் ஒரு சொல்லுச் சொன்ன ஆள் இல்லை என்று அவருக்குச் சொல்லக்கூட எனக்கு வரவில்லை. கீரையை இரண்டு கட்டாகச் சுற்றிக் கொடுத்தேன். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "இவர் இப்பவும் ரெயிலிலை பக்கத்துச் சீற்றிலை பையை வைச்சுக்கொண்டுதான் வாறார். ஆருக்கெண்டு கேட்டால் கோவம் வருகுது."

என் பக்கம்

நாற்பத்தாறு பேருக்குச் சிரித்தேன். நாற்பத்தேழாவதாகக் கேட்டவர் முதலாளி. அவருக்குச் சிரித்தால் போதாது.

இந்த நாட்டில் நான் ஏழுதரம் வாக்களித்திருக்கிறேன். ஒவ்வொருமுறையும் முன்கூட்டியே நூலகத்துக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். நான் போட்டவர்கள் மூன்றுமுறை வென்றார்கள், நாலுமுறை தோற்றார்கள். மறுநாள் பேருந்து அதே நேரத்துக்கு வந்தது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊர்ச் சீட்டில் இரண்டாம் விருப்பம் போடலாம் என்பதும் எனக்குப் பிடிக்கும். முதலாவது கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது என்று அதை அமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே முதலாளிக்கு உள்ளதைச் சொன்னேன்: தோற்றால் கைகொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர் எவரோ, அவருக்குப் போடுவேன். முதலாளி ஐஸ் பெட்டியைத் திறந்தார். "அப்பிடி ஒருத்தரும் நிக்கேல்லை. நீர் அந்தப் பாரை மீனை எடுத்து ஐஸிலை வையும்" என்றார்.

கொப்பி

வாக்களிப்பும் சனிக்கிழமை. ஊரில் வாக்களிப்பு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, இங்கே காலை பத்தரைக்கு நடராசா அண்ணை வந்தார். வால்பாதியைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"போன கிழமை தலை. அதுக்கு முதல் கிழமை வால். அதுக்கு முதல் தலை. இண்டைக்குத் திரும்ப வால்." விரல் மடித்து எண்ணினார். "தம்பி, மற்றப் பாதி ஆரிட்டைப் போகுது?"

எனக்குப் பொய் வராது, விளக்கமும் வராது. கையைத் துடைத்து, கொப்பியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கம் முழுவதும் ந, த, ந, த. சண்டை தொடங்கிய நாளில் ஒரு கோடுகூட இல்லை. எங்கே தொடங்கியது என்று பார்த்தால் தெரியாது. அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். இன்றைய திகதிக்கு எதிரே "த – தலை" என்று இருந்தது. வெளியே போகவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று நிமிடத்தில் தர்மலிங்கம் அண்ணை வந்தார். மூட்டைக்கு அருகில் நிற்பது யார் என்று பிடிபட அவருக்குச் சில அடி தேவைப்பட்டது.

"நீ இன்னும் போகேல்லையோ?"

"தலையை உனக்கு விட்டிட்டு நிக்கிறன். செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு?"

தர்மலிங்கம் அண்ணை மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். "ஒன்பதுக்கு" என்றார்.

"அப்ப எட்டு மணி ரெயில். இரண்டாவது பெட்டி. ஆனால் ஒண்டு, வழியிலை ஜனாதிபதியைப் பற்றி ஒரு கதை கதைச்சியோ, ஆஸ்பத்திரி வாசலிலை விட்டிட்டு வந்திடுவன்."

தர்மலிங்கம் அண்ணை தலைப்பாதியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "டொக்டர் கண்ணைத்தான் கட்டுவார், நடராசா. வாயைக் கட்டமாட்டார்" என்றார்.

தேர்தலில் யார் வென்றார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருவரும் சொன்ன ஆட்களில் யார் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும், என் கொப்பியில் அடுத்த சனிக்கிழமைத் தலை நடராசா அண்ணைக்குத்தான்.